ஒரு மடிக்கணினி, மூன்று நிலங்கள்

தமிழ்நாட்டில் சிவகிரி என்னும் பெயரில் இரண்டு பேரூர்கள் உள்ளன. ஒன்று ஈரோடு மாவட்டத்தில் இருக்கிறது. மற்றொன்று தென்காசி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், திருமங்கலத்திலிருந்து கொல்லம் செல்லும் சாலையில் இருக்கிறது. இவை போதாவென்று, கேரளத்து வர்க்கலையில் நாராயண குருவின் சமாதி அமைந்த குன்றுக்கும் சிவகிரி என்றே பெயர். எங்கள் ஊர் இரண்டாவது. வடக்கே சேத்தூரும் இராசபாளையமும், தெற்கே வாசுதேவநல்லூரும் புளியங்குடியும் கடையநல்லூரும் கடந்தால் தென்காசி. 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று அஞ்சல் குறியீட்டு எண் நடைமுறைக்கு வந்ததற்கு ஒரு காரணம், இப்படிப் பெயரொத்த ஊர்கள் நாட்டில் மலிந்து கிடந்ததுதான்.

கணினி உலகிலும் இதே சிக்கல் உண்டு. அங்கே அது திட்டமிட்டே அனுமதிக்கப்பட்ட சிக்கல். 1996இல் வகுக்கப்பட்ட நெறிமுறை ஒன்றின்படி, சில எண் வரிசைகள் தனியார் வலையமைப்புகளுக்கென ஒதுக்கப்பட்டன. 192.168 என்று தொடங்கும் முகவரிகள் அவற்றுள் ஒன்று. அதனால் சென்னையில் ஒரு வீட்டின் இணைய வாயிலுக்கு 192.168.1.1 என்று முகவரி இருக்கும்; சிவகிரியில் எங்கள் வீட்டு வாயிலுக்கும் அதே முகவரி இருக்கும்; யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுக்கும் அதுவே இருக்கலாம். வீட்டுக்குள் இருக்கும்வரை குழப்பமில்லை. ஒரே மடிக்கணினி இந்த வீடுகளுக்கிடையே அலையும்போதுதான், 'நான் இப்போது எந்தச் சிவகிரியில் இருக்கிறேன்' என்ற கேள்வி அதற்கு எழுகிறது. அந்தக் கேள்விக்கு லினக்ஸ் இயங்குதளம் விடைகாணும் முறைகளைப் பற்றியது இக்கட்டுரை. இலக்கியம் பேசும் இடத்தில் இதற்கென்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். படித்துவிட்டுச் சொல்லட்டும்.

*

எங்களைப் பற்றிச் சில சொற்கள் இல்லாமல் இது விளங்காது. நாங்கள் உடன்பிறந்தவர் இருவர். தொழில், நூல்களுக்கு மெய்ப்புப் பார்ப்பதும் பக்கங்களை வடிவமைப்பதும். பணி தருவோர் பெரும்பாலும் சென்னையில் இருக்கிறார்கள். கோப்புகள் அவர்களுடைய வழங்கியில் இருக்கும், வி.பி.என் எனப்படும் மறைவழித் தடத்தின் ஊடாகத்தான் அவற்றைத் தொடமுடியும். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி வருமென்பதால் நவம்பரும் டிசம்பரும் எங்களுக்கு உறக்கமில்லா மாதங்கள்.

2021இல் அம்மாவின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். அதைச் செய்யும் மருத்துவமனை தென்காசியில். சென்னைக்கு வரும்படி அழைத்தோம். "ஏய்யா, அந்தூர்ல மலை எங்கிருக்கு பார்க்கதுக்கு?" என்று கேட்டுவிட்டு அம்மா அதோடு பேச்சை முடித்துக்கொண்டார். ஆகவே நாங்கள் முறைவைத்துக்கொண்டோம். ஒருவர் சென்னையில், ஒருவர் சிவகிரியில். பதினைந்து நாளுக்கொருமுறை இடமாற்றம். வேலைக்கான எழுத்துருக்களும் கருவிகளும் அமைப்புகளும் நிறைந்த மடிக்கணினி ஒன்றே ஒன்று. யார் அம்மாவுடன் இருக்கிறாரோ அவரோடு அதுவும் பயணம் செய்தது.

ஆகையால் அந்தக் கணினிக்கு வாழுமிடம் மூன்று. சென்னை வாடகை வீடு, சிவகிரி வீடு, தென்காசி மருத்துவமனையின் காத்திருப்புக் கூடம். இணைப்புக் கிடைக்காத நாளில் கோப்பு போய்ச்சேராது. கோப்பு போய்ச்சேராவிட்டால் பணம் வராது. பணம் வராவிட்டால் சிகிச்சைக்குப் போய்வரும் வண்டிக்கு வாடகை இல்லை. வலையமைப்பு அமைவு என்ற வறட்டுச் சொல்லுக்கு எங்கள் வீட்டில் இவ்வளவு கனம் ஏறியது இப்படித்தான்.

*

தொடக்கத்தில் லினக்ஸில் இந்த இடமாற்றம் கைவேலையாகவே இருந்தது. நாங்கள் 2005 வாக்கில் பழைய மடிக்கணினி ஒன்றில் டெபியன் நிறுவிப் பழகத் தொடங்கியபோது, ஒவ்வோர் இடத்துக்கும் நான்கு செய்திகளைக் கணினிக்குச் சொல்லவேண்டியிருந்தது. உன் முகவரி இது; உன் தெருவின் எல்லை இது; தெருவைவிட்டு வெளியே செல்ல வாயில் இது; பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்லும் டி.என்.எஸ் வழங்கி இது. இந்த நான்கையும் சரியாகச் சொன்னால் உலகம் திறக்கும். ஒன்று பிறழ்ந்தாலும் திறக்காது.

முகவரியைத் தானாகப் பெறும் ஏற்பாடு அப்போதே உண்டு. டி.எச்.சி.பி என்று பெயர். இன்றுவரை புழங்கும் அதன் வடிவம் 1997இல் வரையறுக்கப்பட்டது. அதன் நடைமுறை ஊருக்குப் புதிதாய் வந்தவர் தங்குமிடம் கேட்பது போன்றது. 'இங்கே இடம் தருவார் யாரேனும் உண்டா' என்று கணினி பொதுவில் கூவும். 'என்னிடம் இந்த எண் இருக்கிறது' என்று வாயில் சொல்லும். 'அதையே எனக்குத் தாருங்கள்' என்று கணினி கேட்கும். 'தந்தேன், இத்தனை நேரத்துக்கு' என்று வாயில் உறுதிசெய்யும். நான்கே வாக்கியங்கள். குத்தகைக் காலம் முடிவதற்குள் புதுப்பித்துக்கொள்ளவும் வேண்டும்.

ஆனால் எல்லா இடங்களும் இப்படி விருந்தோம்புவதில்லை. சில அலுவலகங்களில் நிலையான எண்தான். சில இடங்களில் இடைநிலை வழங்கி ஒன்றைக் கடக்கவேண்டும். டெபியனில் இதற்கென ஒரு கோப்பு உண்டு. அதில் 'வீடு', 'அலுவலகம்' என்று பெயரிட்டுப் பல அமைவுகளை எழுதிவைத்து, முனையத்தில் ஒரு கட்டளையால் வேண்டியதை எழுப்பிக்கொள்ளலாம். இடத்தை உணர்வது மனிதர் வேலை. மாறுவது இயந்திரத்தின் வேலை.

இடத்தை உணர்வதையும் இயந்திரத்திடமே ஒப்படைக்கும் முயற்சிகள் அக்காலத்தில் சில நடந்தன. அவற்றுள் எங்களை மிகவும் கவர்ந்தது எனரிக்கோ ஸினி என்ற இத்தாலியர் டெபியனுக்காக எழுதிய 'கெஸ்நெட்' என்னும் சிறு நிரல். அது முகவரியை நம்பாது. கம்பியில் ஒரு கேள்வியை அனுப்பும்: 'இந்த எண்ணுடையவர் இங்கே இருக்கிறீர்களா?' விடை வந்தால், விடை சொன்னவரின் வன்பொருள் அடையாளத்தைப் பார்க்கும். ஒவ்வொரு வலையட்டைக்கும் தயாரிக்கும்போதே இடப்படும் நாற்பத்தெட்டு இருமத் துகள் கொண்ட அடையாளம் அது. 192.168.1.1 எல்லா ஊரிலும் இருக்கலாம். ஆனால் அந்தப் பெயரில் விடைசொல்லும் முகம் ஊருக்கு ஊர் வேறு. குரலைக் கேட்டு ஆளைத் தெரிந்துகொள்ளும் பாட்டிமார் செய்வதும் இதுதானே.

*

2004இல் ரெட்ஹேட் நிறுவனம் தொடங்கிய 'நெட்வொர்க்மேனேஜர்' இந்தக் கைவேலைகளை எல்லாம் ஓரிடத்தில் கொண்டுவந்தது. இன்று பெரும்பாலான லினக்ஸ் மேசைத்தளங்களில் இணைப்பைப் பார்த்துக்கொள்வது அதுதான். அதன் அடிப்படைக் கருத்து எளியது: கருவி வேறு, இணைப்பு வேறு. கம்பியில்லா வலையட்டை என்பது கருவி. 'சிவகிரி வீடு' என்பது இணைப்பு. அதாவது ஓரிடத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதன் முழுத் தொகுப்பு. ஒரே கருவி பல இணைப்புகளை மாற்றி மாற்றி அணிந்துகொள்ளும்.

இதைப் படித்தபோது எங்களுக்குத் தொல்காப்பியப் பொருளதிகாரம் நினைவுக்கு வந்தது. அகப்பொருளுக்கு முதல், கரு, உரி என்று மூன்று. முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். நிலம் குறிஞ்சி என்று தெரிந்துவிட்டால் அதற்கேற்ற தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறை, தொழில் எல்லாம் கருப்பொருளாகத் தொடர்ந்து வரும். கணினிக்கும் அப்படித்தான். நிலம் எது என்று முதலில் அறியவேண்டும். அறிந்துவிட்டால் முகவரி, வாயில், டி.என்.எஸ், அச்சுப்பொறி, மறைவழித் தடம் யாவும் தொடரும். ஒரு நிலத்தின் கருப்பொருள் இன்னொரு நிலத்தில் வந்தால் புலவர்கள் அதற்குத் திணைமயக்கம் என்று பெயரிட்டு இரசிப்பார்கள். கணினி இரசிக்காது, முரண்டுபிடிக்கும்.

திணை மயங்குவதை விலக்காத தொல்காப்பியர், நிலம் மயங்குவதை மட்டும் ஒப்புக்கொள்வதில்லை. அதையும் கணினியில் காணலாம். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று இணைப்புகள் இருக்கத் தடையில்லை. ஆனால் வெளியே செல்லும் பொதுவழியாக அந்த நேரத்தில் ஒன்றுதான் பயன்படும். இந்த ஒப்புமையை இதற்குமேல் இழுத்தால் அறுந்துவிடும் என்பதால் இங்கே விட்டுவிடுகிறோம்.

*

தென்காசி மருத்துவமனையில் எங்களுக்கு நேர்ந்தது சரியான திணைமயக்கம். காத்திருப்புக் கூடத்தில் வருவோர்க்கெல்லாம் இலவசக் கம்பியில்லா இணைப்பு இருந்தது. ஆனால் முதலில் ஒரு பக்கம் தோன்றும். அதில் கைப்பேசி எண்ணைத் தந்து, வரும் குறியீட்டை இட்டால்தான் வழி திறக்கும். எங்கள் கைப்பேசிகளில் அந்தப் பக்கம் உடனே வந்தது. மடிக்கணினியில் வரவில்லை. இணைப்பு உண்டு, முகவரி உண்டு, இணையம் மட்டும் இல்லை. உள்ளே அம்மாவுக்கு இரத்தம் சுத்தமாகிக்கொண்டிருக்க, வெளியே அன்று மாலைக்குள் அனுப்பவேண்டிய நானூறு பக்க நூலோடு எங்களில் இளையவர் உட்கார்ந்திருந்தார்.

காரணத்தைக் கண்டடைய மூன்று சிகிச்சை நாட்கள் பிடித்தன. இத்தகைய வாயிற்பக்கங்கள் செயல்படும் விதம் இது: நாம் எந்த முகவரியைக் கேட்டாலும் இடையே மறித்து, அவர்களுடைய பக்கத்துக்குத் திருப்புவார்கள். அதற்கு நம் கணினி அவர்களுடைய டி.என்.எஸ் வழங்கியிடம் கேட்கவேண்டும். எங்கள் கணினியில், சென்னை வாழ்க்கைக்கு ஏற்றபடி, வெளியே உள்ள பொது டி.என்.எஸ் எல்லா இணைப்புக்கும் பொதுவாக நிலைப்படுத்தப்பட்டிருந்தது. போதாக்குறைக்கு மறைவழித் தடமும் தானாக எழும்ப முயன்றுகொண்டிருந்தது. விருந்தினராகப் போன இடத்தில் வாயிற்காவலரிடம் ஒரு சொல்லும் பேசாமல், நேரே வெளிநாட்டுத் தொலைபேசிக்கு முயல்வது போன்ற நிலை. காவலர் விடுவாரா?

தீர்வு எளிது. டி.என்.எஸ், வி.பி.என் இரண்டையும் பொதுவான அமைப்பிலிருந்து எடுத்து, அந்தந்த இணைப்பின் தொகுப்புக்குள் வைக்கவேண்டும். 'சென்னை' என்ற இணைப்பு எழும்போது அதனோடு மறைவழித் தடமும் எழும் என்று நெட்வொர்க்மேனேஜரிடம் சொல்லிவைக்கலாம். 'தென்காசி'க்கு அப்படிச் சொல்லவேண்டியதில்லை. அங்கே முதலில் வாயிற்பக்கம், பிறகு கையால் தடம். அடுத்த முறை பக்கம் தோன்றியது. நூல் மாலைக்குள் போய்ச்சேர்ந்தது.

இன்னொரு நுட்பமும் அங்கே கற்றோம். அண்மைக்கால இயங்குதளங்கள் தனியுரிமை கருதி, வன்பொருள் அடையாளத்தை மறைத்து வேறொன்றைக் காட்டவல்லவை. ஒவ்வொரு முறையும் புதுமுகம் காட்டினால், ஒவ்வொரு முறையும் கைப்பேசி எண் கேட்பார்கள். 'நிலையானது' என்று ஒரு தெரிவு உண்டு. ஊருக்கு ஊர் வேறு முகம், ஆனால் ஒரே ஊரில் என்றும் ஒரே முகம். ஒருவரே ஒரு வீட்டில் மாமாவாகவும், அடுத்த வீட்டில் சித்தப்பாவாகவும், மற்றொன்றில் அத்தானாகவும் இருந்து, அந்தந்த வீட்டில் அந்தந்த முறை மாறாமல் அழைக்கப்படுவதைப் போன்றது. நம்மவர்க்கு இதைத் தனியே கற்பிக்க வேண்டியதில்லை.

தீச்சுவர் எனப்படும் காப்பு அமைப்பிலும் இடத்துக்கேற்ற மண்டலங்கள் உண்டு. எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் திண்ணை வழிப்போக்கர்க்கு, முற்றம் உறவினர்க்கு, அடுக்களை வீட்டார்க்கு என்றிருக்கும். அதுபோல 'தென்காசி' இணைப்பைப் பொது மண்டலத்திலும், 'சிவகிரி வீடு' இணைப்பை வீட்டு மண்டலத்திலும் வைத்தோம். வீட்டில் அச்சுப்பொறியும் கோப்புப் பகிர்வும் திறந்திருக்கும், மருத்துவமனையில் மூடிக்கொள்ளும்.

*

சிவகிரி வீட்டின் கதை வேறு. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் எங்கள் ஊரிலும் கைப்பேசி வழி இணையம் எளிதாயிற்று. பிறகு கண்ணாடியிழைக் கம்பியும் வீட்டுக்கு வந்தது. ஆனால் தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கிவிட்டால், குற்றாலத்தில் சாரல் கொண்டாடப்படும் அதே நாட்களில், எங்களுக்கு மின்சாரம் போய்ப்போய் வரும். மின்சாரம் போனால் இழையின் முனையிலுள்ள பெட்டி அணையும். அப்போது கைப்பேசியை யு.எஸ்.பி கம்பியால் மடிக்கணினியோடு பிணைத்து வேலையைத் தொடர்வோம்.

இதில் ஒரு விந்தை நேர்ந்தது. மின்சாரம் திரும்பிய பின்னும், இழையிணைப்பு உயிர்பெற்ற பின்னும், கைப்பேசியின் நாளளவு தரவே தீர்ந்துகொண்டிருந்தது. "டவர் கெடச்சும் ஏம்யா மொகத்த தூக்கி வச்சிருக்க?" என்று அம்மா கேட்கும்படி ஆயிற்று. காரணம் இது: ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருக்கையில், ஒவ்வொன்றுக்கும் இட்ட மதிப்பெண்ணைப் பார்த்தே கணினி தேர்கிறது. குறைந்த எண்ணே முந்தும். நெட்வொர்க்மேனேஜர் இயல்பாகக் கம்பி இணைப்புக்கு 100 என்றும் கம்பியில்லா இணைப்புக்கு 600 என்றும் இடுகிறது. கம்பி உறுதியானது, விரைவானது என்ற எண்ணத்தில் அமைந்த முறை அது. யு.எஸ்.பி வழியே பிணைத்த கைப்பேசி, கணினியின் கண்ணுக்குக் கம்பி இணைப்பாகவே தெரியும். ஆகவே வீட்டில் ஓடும் ஆற்றை விட்டுவிட்டு, விலைகொடுத்து வாங்கிய குடத்து நீரையே அது இறைத்துக்கொண்டிருந்தது. கைப்பேசி இணைப்பின் தொகுப்பில் அந்த எண்ணை 700 என்று மாற்றியதும் ஒழுங்காயிற்று. இழை இருந்தால் இழை, இல்லையேல் கைப்பேசி, இழை மீண்டால் மீண்டும் இழை. நடுவில் நாங்கள் எதையும் தொடவேண்டியதில்லை.

ஒவ்வோர் இணைப்பும் எழும்போதும் விழும்போதும் நாம் எழுதிவைத்த சிறு நிரல்களை ஓட்டும் வசதியும் இதில் உண்டு. கைப்பேசி வழியில் இருக்கையில் பெரிய கோப்புகளின் ஒத்திசைவை நிறுத்தவும், வீட்டு இழையில் திரும்பத் தொடங்கவும் நான்கு வரிகள் எழுதிவைத்தோம். எதிர்வீட்டுப் பெண், பள்ளியில் அரசு தந்த விலையில்லா மடிக்கணினியில் பாஸ் லினக்ஸைப் பார்த்துப் பழகியவர், அந்த நான்கு வரிகளை மூன்றாகச் சுருக்கித் தந்தார்.

*

2011இல் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் அலுவலகம் திறந்தபோது, இந்தப் பக்கத்திலிருந்து மென்பொருள் ஆக்குவது வியப்பாகப் பேசப்பட்டது. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமாயிற்று. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும், நகரங்களிலிருந்து வீடு திரும்பியவர்களால் எங்கள் தெருவிலேயே மொட்டைமாடிகள் அலுவலகங்களாயின. பிறகு பெரும்பாலோர் திரும்பிச் சென்றனர். நாங்கள் வந்தது அவர்களெல்லாம் புறப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில்.

2022இன் இறுதியில் சென்னை வீட்டைக் காலிசெய்தோம். முறைவைத்து அலைவதற்கு ஆகும் செலவும் களைப்பும் ஒரு காரணம். அம்மாவைத் தூக்கி வண்டியில் அமர்த்த இருவர் வேண்டியிருந்தது மற்றொரு காரணம். இப்போது இருவரும் சிவகிரியில்தான். சிகிச்சை நாட்களில் ஒருவர் தென்காசியில் அம்மாவோடும் மடிக்கணினியோடும், மற்றவர் வீட்டில். மழை பெய்தால் மலையிலிருந்து இறங்கும் வெள்ளோடைகள் வீட்டு மாடியிலிருந்தே தெரிகின்றன. அம்மா அவற்றை எண்ணுகிறார்.

எங்களைப் போல் ஊருக்கும் மருத்துவமனைக்கும் நடுவே பிழைப்பவர்களுக்குச் சொல்ல எங்களிடம் இருப்பது சிறிதே. செல்லும் ஒவ்வோர் இடத்துக்கும் தனி இணைப்புத் தொகுப்பு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அந்த ஊரின் பெயரையே இடுங்கள். எல்லா இடத்துக்கும் பொதுவென்று எதையும் நிலைப்படுத்தாதீர்கள். கைப்பேசிப் பிணைப்புக்கு மதிப்பெண்ணை உயர்த்துங்கள். இம்மூன்றையும் அவசரமில்லாத ஒரு பிற்பகலில் செய்துவிடுங்கள். அவசரம் தானே வந்து சேரும்.

எங்கள் கணினியில் இணைப்புகளின் பட்டியலைக் கேட்டால், ஒவ்வொன்றும் கடைசியாக எழுந்த நாளும் நேரமும் உடன்வரும். 'சிவகிரி வீடு' இன்று. 'தென்காசி' முந்தாநாள். 'சென்னை' 2022 டிசம்பரோடு நின்றுவிட்டது. அந்த வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். அந்தப் பெயரில் ஒரு வலையமைப்பே இனி இராது. ஆயினும் அந்தத் தொகுப்பில் 'தானாக இணைக' என்பது இன்னும் தெரிவாகியே இருக்கிறது. ஒரே கட்டளையில் அழித்துவிடலாம். இருவரில் ஒருவரும் இதுவரை அழிக்கவில்லை. அதைப் பற்றிப் பேசிக்கொண்டதும் இல்லை.